வலப்பக்கம்

டர்பனுக்குத் தெற்கே, ஜேக்கப்ஸில்,
சன்னலை மூடினாலும் பெயின்ட் வாடை வரும் அறையில்
திரையில் ஒரு படிவம் காத்திருக்கிறது.
‘புதிதாகச் சேரும் கையேட்டு எழுத்தாளர்
பயன்தர எத்தனை மாதம் ஆகும்?’
பக்கத்தில் சின்னதாய் ஒரு கட்டம்.
ஒன்று முதல் பன்னிரண்டு வரை
எண்ணை மட்டும் ஏற்கும்.

ஒட்டுமாங்கன்றின் கழுத்தில்
மூன்றாம் வருஷம் காய்க்கும் என்று
நர்சரிக்காரர் சீட்டுக் கட்டித் தருவார்.
எங்களுக்கும் அப்படியொரு சீட்டு வேண்டுமாம்
கணக்குப் பிரிவு டெவால்டுக்கு.
நல்ல மனிதர்தான். வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்.

வேறு யாரைத் தெரியும்,
என்னையே எடுத்துக்கொள்கிறேன்.
கோயம்புத்தூரில் பம்புக்கு எழுதியவள் என்றுதான் சேர்த்தார்கள்.
முதல் மாதம் காற்புள்ளிகளை நகர்த்தினேன்.
அடுத்த மாதம்
ஒரே திருகாணியை ஐந்து பேர்
ஐந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கண்டுபிடித்துப்
பட்டியல் போட்டேன்.
ஐவருக்கும் கோபம்.
நான்காம் மாதம் நூற்றுப் பதினெட்டுப் பக்கம்,
கெட்டி அட்டை, பொருளடக்கம், சொல்லடைவு.
கேக் வெட்டினோம்.
அதுதான் பயன் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்: நான்கு.

ஏழாம் மாதம் ஸ்டாங்கர் பக்கம்
ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனேன்.
அரவைப் பருவம். காதில் அடைப்பான்,
தொட்ட கைப்பிடியெல்லாம் பிசுபிசுப்பு.
ஆடும் மேசையின் காலுக்கடியில்
என் கையேடு.
கனம் சரியாக இருந்தது.

ஒரேயொரு தாளை மட்டும் பிய்த்து
பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார்
ஃபிட்டர் பெக்கி.
நாற்பத்தொன்றாம் பக்கம், கிரீஸ் விரல்கள் பதிந்தது.
‘வலப்பக்க வால்வை முதலில் மூடவும்.’
‘வல’ மேல் பென்சில் கோடு.
அதற்கு மேல் ‘இட’.

நான் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து எழுதினேன்.
அவர் இயந்திரத்தின் பின்னால் நின்று மூடுகிறார்.
முன்னால் நிற்க அங்கே இடமில்லை, சுவர்.

யாருக்காவது ஏதாவது ஆகியதா என்று கேட்டேன்,
தொண்டை அடைக்க.
‘பென்சில் இருந்தது’ என்றார்.

போகும்போது வலப்பக்கம் இருந்த கடல்
திரும்பும்போது இடப்பக்கம்.
பாலங்களை எண்ணாமல்
அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் முழுக்க எழுதியது ஒரு வரி:
‘சிவப்புக் கைப்பிடியை முதலில் மூடவும்.’
கேக் இல்லை.

கட்டத்தில் ஏழு என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

திங்களன்று சேர்ந்தாள் ஸனேலே.
மூன்றாம் நாள், தேநீர் ஆறிக்கொண்டிருக்க,
வரைபடத்தைத் தலைகீழாய்த் திருப்பி வைத்துக்கொண்டு
‘இது யாருடைய வலது?’ என்றாள்.

டெவால்டிடம் ஓடினேன். மின்வெட்டு,
லிஃப்ட் நின்றிருந்தது, நான்கு மாடி.
படிவம் பூட்டியாகிவிட்டதாம்.
இனி அடுத்த ஏப்ரலில்தான் திருத்தலாம்.

மூன்று நாள் என்று மனசுக்குள்ளாவது மாற்றிக்கொண்டு
மறுநாள் காலை அவள் மேசைக்குப் போனேன்.
மும்முரமாக
காற்புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள்.