கிட்ட உள்ள டவுன்

எல்லாரும் மலை ஏறி வந்ததாகச் சொன்னார்கள்.
நான் இறங்கி வந்தேன்.
நாவலப்பிட்டி தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டேன்.
சரசவி உயனவில் ரயில் நின்றபோது
முதுகு வேர்த்திருந்தது.

அறையில் நாலு இரும்புக் கட்டில்.
ஜன்னலோரத்தை ஆரணி பிடித்தாள்.
பிடித்த அன்றிரவே
"மாறிப் படுப்பமோ" என்று கேட்டாள்.
பருத்தித்துறைக்காரி.
போர்வைக்கு மேல் டவல்,
டவலுக்கு மேல் முதல் நாள் தந்த பாடக்குறிப்புகள்.
"உமக்குக் குளிரேல்லையோ?"
"இல்லை."
"நீர் எவடம்?"
"ஹட்டன்."

அது பொய்யும் இல்லை.
ஹட்டனில் இறங்கித்தான் பொகவந்தலாவ பஸ் பிடிக்க வேண்டும்.
அங்கே இறங்கி ஓட்டோ.
ஓட்டோ திரும்பிப் போகிற இடத்திலிருந்து
நாற்பது நிமிட நடை.
பதிவேட்டில் எல்டர்வுட், கீழ்ப்பிரிவு.
எங்களுக்கு மொட்டைப்பாறை.
கேட்பவர்களுக்கு ஹட்டன்.

வார்டனுக்குச் சொன்னேன்.
வங்கியில் கணக்குத் திறந்த பையனுக்குச் சொன்னேன்.
படியில் வரிசையாக நிறுத்தி
பெயர், ஊர், பாடசாலை என்று
கத்திச் சொல்லச் சொன்ன அக்காமாருக்கு
மூன்று தடவை.
"டவுனிலயா?" என்றாள் ஒருத்தி.
"டவுனுக்குக் கிட்ட."

லெக்சர் முழுக்க இங்கிலீஷ்.
சேர் ஏதோ பகிடி விட்டார், முன்வரிசை சிரித்தது.
கொஞ்சம் பிந்தி நான் சிரித்தேன்.
என்னோடு சேர்ந்து பிந்திச் சிரித்தவள் இமேஷா,
எங்கள் அறையின் கதவோரக் கட்டில்.
அவளுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் கடைக்குப் போய்வரக் காணும்.
'செடிமென்ட்' என்றால் என்னவென்று அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்,
கையைப் பிடித்துப் பாலத்துக்கு இழுத்துப்போய்
ஆற்றைக் காட்டினாள்.
இரவு மழைக்கு மகாவலி
பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் போனது.
விளங்கியது.

கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான்
அம்மா போன் எடுப்பாள்.
வாளி வாங்கிட்டியா. வாங்கிட்டேன். எவ்வளவு.
நூறு ரூபாய் குறைத்துச் சொல்வேன்.

மூன்றாம் சனி ஹந்தானைக்கு ஏறினோம்.
பாதி வழியில் ஒரு திருப்பத்தில் தேயிலை.
யாரோ விட்டுப்போன மலை,
கவ்வாத்து விழாமல் செடியெல்லாம் மரமாகி நின்றது.
சஃப்ரினா போட்டோ எடுத்தாள்,
சம்மாந்துறைக்கு உடனே அனுப்பப் பார்த்தாள், சிக்னல் இல்லை.
"இதை எப்பிடிப் பறிக்கிறது?" என்றாள் ஆரணி,
என்னிடம் இல்லை, பொதுவாக.
பறிக்கிறது இல்லை, எடுக்கிறது
என்று வாய்வரை வந்தது.
நான் எடுத்ததும் இல்லை.
ஸ்கொலர்ஷிப் என்பாள், ஓ லெவல் என்பாள்,
ஏ லெவல் முடியட்டும் என்பாள் அம்மா,
கூடைக் கயிற்றை என் தலையில்
ஒருநாளும் மாட்ட விட்டதில்லை.

அப்போதுதான் ஆரணி அலறினாள்.
கணுக்காலில் அட்டை.
உப்பு, உப்பு என்றாள் சஃப்ரினா.
மலையில் எங்கே உப்பு.
நான் குந்தி, மெல்லிய நுனிப்பக்கம் நகத்தை விட்டு வழித்து
உருட்டி எறிந்தேன்.
கண் மூடித் திறக்கிற நேரம்.

சொக்ஸில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது.
"ஹட்டன் டவுனில அட்டை இருக்கோ?"
"டவுன்ல இல்ல. எங்க தோட்டத்துல இருக்கு."
"எந்தத் தோட்டம்?"
"மொட்டைப்பாறை."

காலைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தாள்.
நான் தேயிலையைப் பார்த்தேன்.
"பஸ் போகுமோ?" என்றாள்.
"பாதி வழி."

நேற்றிரவு ஜன்னலால் பனி வந்தது.
இங்கே வந்து முதல் தடவையாக
எனக்கும் குளிர்ந்தது.
எழும்பி ஸ்வெட்டரைத் தேடினேன், அலுமாரியில் இல்லை,
பெட்டியில் இல்லை.
சுவரோரம் ஆரணி அதைப் போட்டுக்கொண்டு
நல்ல நித்திரை.