பதினேழாம் இலக்கப் பெட்டி

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் நாள்
பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும்.
நிலவறைத் திறப்பு கைமாறும்,
கையெழுத்து வைக்கவேண்டும்.
மெஷின் நின்று பத்து நிமிடம் பிந்திப் போனால்
மூன்றாம் மாடி திருமதி ஹேபெர்லி
எல்லாவற்றையும் மடித்துக் கூடையில் வைத்து
மேலே ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருப்பார்.
மடிப்பு அவ்வளவு நேர்த்தி,
தனியாகத் திட்டத் தேவையில்லை.

அந்தக் காகிதம் ஒன்றின் பின்புறத்தில்தான்
முதல் படம் கீறினேன்.
தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அடியில் காந்தம்.
மெஷினின் நெற்றியில் ஒட்டினால் நடுக்கத்தை உணரும்.
நடுக்கம் அடங்கியதும்
நான்கு மாடி மேலே எங்கள் குசினியில்
ஒரு பச்சை வெளிச்சம்.
உலகத்தை மாற்றும் எண்ணமெல்லாம் இல்லை.
என் உடுப்பை நானே மடிக்கவேண்டும்.

பகலில் காப்புறுதி அலுவலகம்.
யாரோ உடைத்த கண்ணாடி, யாரோ நனைத்த தரைவிரிப்பு,
பிறர் நட்டங்களுக்கு இலக்கம் போடுகிற வேலை.
இரவு எட்டரைக்கு மேசையைத் துடைத்து
கறிச்சட்டி இருந்த இடத்தில் பற்றுக்கோலை வைப்பேன்.
ஈயப் புகை போக யன்னலைத் திறந்தால்
ஓல்ட்டன் நிலையத்து அறிவிப்புக் குரல் உள்ளே வரும்.
"இண்டைக்கும் புட்டுக்குள்ள ஒரு ரெசிஸ்டர்"
என்பான் நிமலேந்திரன்,
அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியபடி.

விலை முப்பத்தொன்பது பிராங்.
பத்தொன்பது சாமானுக்கு, ஏழு தபாலுக்கு.
மிச்சத்தை என் மணித்தியாலங்களால் ஒருநாள் வகுத்துப் பார்த்தேன்.
பிறகு வகுப்பதை விட்டுவிட்டேன்.
திருமதி ஹேபெர்லி வாங்கவில்லை.
மெஷின் எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியுமாம்.

முதல் மாதம் இருபத்திரண்டு விற்றது.
இரண்டாம் மாதம் முறைப்பாடு:
நடுச்சாமத்தில் பச்சை எரிகிறது,
யாரும் தோய்க்கக்கூடாத ஞாயிறும் எரிகிறது.
முகவரிகளை வரைபடத்தில் குத்திப் பார்த்தேன்,
எல்லாம் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகள்.
சரக்கு ரயில் போகையில் கட்டடம் சிலிர்க்கிறது,
போனதும் அடங்குகிறது.
என் பெட்டிக்கு அதுவும் ஒரு தோய்ப்பு.

மூன்று இரவு நிலவறையில் குந்தியிருந்து
இரண்டு நடுக்கங்களையும் பதிந்தேன்.
ரயில் நாற்பது விநாடி, அடித்தொண்டை.
மெஷின் ஒன்பது நிமிடம் சுழலும், இடையிடையே விக்கும்.
பதினொரு வரி நிரல் போதுமாக இருந்தது.
எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பினேன்.
பெட்டிகள் ரயிலை மறந்தன.

இரண்டு பேர் நன்றி எழுதினார்கள்.
ஒருத்தி
பிழையைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டாள்.

டேனிக்கன், கோர்னேலியா ஆம்ஸ்டுட்ஸ், பெட்டி இலக்கம் பதினேழு:
என் துணைவர் சரக்கு ரயில் ஓட்டுகிறார்.
செவ்வாயும் வெள்ளியும் இரண்டே காலுக்கு
பாசலில் இருந்து கொள்கலன்களோடு எங்கள் சுவரைக் கடப்பார்.
அந்த நேரத்துக்கு வேறு ரயில் கிடையாது.
என் காதுகள் ரயிலைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டன.
பச்சை எரிந்தால் மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.
போன வெள்ளி எரியவில்லை.
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நிமலேந்திரன் வாசித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனான்.
நல்ல நிரலாளர் செய்யக்கூடாததைச் செய்தேன்:
இலக்கம் பதினேழு என்றால்
பதினொரு வரிகளையும் தாண்டிப் போ.
இனி ஒவ்வொரு திருத்தத்திலும்
அந்த ஓட்டையை நானே அடைத்துவிடாமல்
காவல் இருக்கவேண்டும்.

எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டாள்.
ஐந்து பிராங் என்று எழுதி, அழித்து,
திரும்பவும் ஐந்து என்றே எழுதினேன்.
வரிப் படிவத்தில் 'ஏனைய வருமானம்' என்று போட்டிருக்கிறேன்.

நேற்றுச் செவ்வாய்.
நாற்பத்தோராவது பெட்டிக்குக் காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு மணி தாண்டி ஒரு நீள ரயில் ஓல்ட்டனைக் கடந்தது.
அலுமாரிக்குள் கோப்பைகள் தங்களுக்குள் கதைத்து ஓய்ந்தன.
குசினி வெளிச்சம் எரியவில்லை,
சரியாகத்தான் இருக்கிறது.
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
டேனிக்கனுக்கு இன்னும் ஐந்து நிமிடம்.