சுவரில் மாட்டிய படம்

ஆயிரம் பீடியில் ஒன்று தளர்ந்திருந்தாலும்
கட்டைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிடும் எனக்கு.
முக்கூடல் கம்பெனியில் இருபத்தாறு வருஷச் செக்கிங்.
கழிவு போட்டதற்காக
எத்தனை பெண்கள் ஏசியிருக்கிறார்கள்.

அந்தக் கைதான்
பச்சைப் பொடியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கியது.
இதில் என்ன சேருது என்று கேட்கவில்லை.
கேட்டால் பலிக்காது என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.

முப்பிடாதிக்கு மார்பில் சுண்டைக்காய் அளவு.
ஹைகிரவுண்டில் தேதி கொடுத்திருந்தார்கள்.
ஆபரேஷன், ஊசி, அப்புறம் கரண்டு வைக்கணும்.
'சின்னதாத்தான் இருக்கு, இப்பவே வந்தது நல்லது'
என்றது அந்த டாக்டர் பிள்ளை.
சின்னதுதான் என்பதை மட்டும்
நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

முதல் மாசம் பசித்துச் சாப்பிட்டாள்.
சொதி இன்னும் ரெண்டு கரண்டி கேட்டாள்.
மஞ்சள் சேலையில் சிரிக்கவைத்துப் படம் எடுத்து
வைத்தியரிடம் கொடுத்தது நான்தான்.
குணமானவர்கள் சுவரில் அவர் அதை மாட்டினார்.

சுண்டைக்காய் நெல்லிக்காயாகி
நெல்லிக்காய் புண்ணாகி
ஏழாம் மாசம் திரும்பப் போனபோது
அதே டாக்டர் பிள்ளை ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

பங்குனியோடு வருஷம் முடிந்தது.
இன்று கடையம் பஸ் ஏறினேன், படத்தை வாங்கிவர.

ராமநதிப் பாதையில் அந்த ஓட்டு வீடு.
வாசலில் பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்பு.
வைத்தியர் எழுந்து வந்து கையைப் பிடித்தார்:
'வீட்ல சொகமா இருக்காவளா?'
நடிக்கவில்லை. அவருக்குத் தெரியாது.
பிழைத்தவன் பழத்தட்டோடு வருவான்.
செத்தவள் வீட்டிலிருந்து
யார் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து சொல்வார்கள்?
கழிவை எண்ணாத கணக்கு அவருடையது.
அதில் யாரும் சாகவே இல்லை.

சுவரில் முப்பிடாதி சிரித்துக்கொண்டிருந்தாள்.
என் வீட்டிலும் இதே படம்தான்.
அங்கே மாலை உண்டு.

பெஞ்சில் கன்னம் வீங்கிய ஒருத்தர்,
பக்கத்தில் மகள், மடியில் ஸ்கேன் கவர்.
'அந்த மஞ்சச் சேல அத்த படத்தக் காட்டித்தான்
அப்பாவக் கூட்டிட்டு வந்தேன்' என்றாள்.

'அவ செத்துப் போயிட்டாம்மா' என்றேன்.
சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை.
சத்தமாகத்தான் வந்தது.
பொடிதான் கொன்றது என்று சொல்ல
எனக்குப் படிப்பு கிடையாது.
ஏழு மாசம் போனது மட்டும் தெரியும்.

யாரும் பேசவில்லை.
வைத்தியர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்,
ஒவ்வொரு படமாக,
புதிதாகப் பார்க்கிற மாதிரி.
ஆணியிலிருந்து நானே கழற்றினேன்.
அடியில் வெள்ளையாக ஒரு சதுரம்.

'அந்தக் கவர்ல தேதி என்னைக்குப் போட்டிருக்கு?'
மகள் பிரிக்கவில்லை. மனப்பாடமாகச் சொன்னாள்:
'வர்ற செவ்வாக்கெழம.'

பஸ்ஸில் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
கண்டக்டர் விசிலை வாயில் வைக்கிறான்.
'கொஞ்சம் நில்லுப்பா.'
'யாருவே வரணும்?'
தெருமுனையைப் பார்க்கிறேன்.