வெற்று எடை

ஏற்றிய எடை, வெற்று எடை, நிகர எடை.
பந்திங் செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினோரு வருடமாய் இந்த மூன்று சொல்லில்தான் எனக்குச் சோறு.
எண்ணெய் லாரி முனகிக்கொண்டே ஏறும்.
எண்ணைப் படிப்பேன். சீட்டை மடித்து
சட்டைப் பையில் செருகிக்கொண்டு
ஹசிம் கிள்ளானுக்குக் கிளம்புவான்.
அங்கே எண்ணெய் கப்பலேறும்.
போன மாசியில் எண்ணெயோடு குணாளனும் ஏறினார்,
இயந்திர அறைக்கு.

ஏடன் வளைகுடா வந்ததும்
தளத்தைச் சுற்றி முள்கம்பி இழுத்துக் கட்டினார்களாம்.
பழைய சட்டைகளில் கந்தலைத் திணித்து
கைப்பிடிக் கம்பியோரம்
பொம்மைக் காவலர்களை நிற்கவைத்தார்களாம்.
ஒன்றுக்கு உன் பெயர்தான், சிரி, என்று எழுதினார்.
அன்று ஒரே லாரியை இரண்டு முறை நிறுத்தேன்.

மறுநாள் ஒரு படம்.
கடல். கடல். ஓரத்தில் ஓர் அரிசி அளவு சாம்பல்.
"கொரியாக்காரன் போர்க்கப்பல்.
மூன்று நாள் கூட வருவான். நீ தூங்கு."

தூங்கினேன்.

ஆகஸ்டில் அந்தச் சாம்பல் கிள்ளானுக்கு வந்தது.
பொதுமக்கள் பார்க்கலாமாம், ஹசிம் சொன்னான்.
கப்பலில் கிடந்தவன் கப்பலைப் பார்க்க வருவானா என்று
குணாளன் வீட்டில் காற்றாடியைக் கழற்றிப் போட்டிருந்தார்.
ஐப்பசிக்கு மறுபடி கையெழுத்துப் போட்டாயிற்று.
ஒரு பை ரம்புத்தானோடு நான் மட்டும் போனேன்.

நாலாயிரத்து ஐந்நூறு டன்னாம்.
முப்பது டன் லாரி என்றால் நூற்றைம்பது.
வரிசையில் நின்றபடி கணக்குப் போட்டேன்.

பிள்ளைகள் பீரங்கியைப் பார்க்க ஓடினார்கள்.
நங்கூரத் துளைக்குக் கீழே துரு வழிந்த கோட்டின்மேல்
உருளையால் சாயம் தேய்த்துக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
வெயிலில் அவன் கழுத்து வெந்திருந்தது.

கைப்பேசியை நீட்டினேன்.
இருவரிடமும் இருந்த ஆங்கிலம் ஒரு கரண்டி.
இரண்டு விரலால் படத்தை விரித்தான்.
அரிசி சோறானது. பக்கவாட்டில் எண் தெரிந்தது.
தலையாட்டினான். இது இல்லை. அது வேறு.
ஆறு விரல் காட்டினான்: ஆறு மாதத்துக்கு ஒன்று போகும், ஒன்று திரும்பும்.
நாங்கள் இனிமேல்தான்,
என்று மேற்கே கையை நீட்டினான்.
விரல்நுனியில் சாம்பல் சாயம் காயவில்லை.

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த நன்றியை
எங்கே இறக்குவது?
ஏற்றாத லாரிக்கு யாரும் நிகரம் எழுதுவதில்லை.
பையைக் கொடுத்தேன். உரித்துக் காட்டினேன்.
கொட்டையோடு விழுங்கப் போனான்.
ஐயையோ என்றேன்.
அது அவனுக்குப் புரிந்தது.

திங்கள்கிழமை, பசியாறக்கூட நேரமில்லாத காலை.
ஹசிம் முதல் ஆளாய் மேடையேறினான்.
நிகரம் முப்பது டன், நானூறு கிலோ.
இது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டேன்.
மேற்கே என்றான்.
சீட்டைக் கொடுக்கையில், அவசரப்படாதே,
கூட ஆள் வந்த பிறகு போ என்றேன்.
தன்னைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு
பின்கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தான்.