பதினொன்று

ஆறுக்குக் குறைந்தால் தரமாட்டேன் என்றான்
நாத்ராஜ்னி தெரு மீன்கடைக்காரன் ஹவ்ரானெக்.
"தனியாக விட்டால் சாகாது.
ஓர் இலைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
அவ்வளவுதான்."
பன்னிரண்டு வாங்கினோம்.
ட்ராமில் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வந்தாள் இவேட்டா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
ஒன்று வழியிலேயே போனது.

சுண்டுவிரலில் ஒரு கணு நீளம்,
விலாவில் மையால் இழுத்த ஒற்றைக் கோடு,
உற்றுப் பார்த்தால் மீசை.
கெளுத்தி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.
மணலைக் கொஞ்ச நேரம் கிளறிவிட்டு
நடுநீரில் வந்து நிற்கும்.
ஒன்று திரும்பினால் பதினொன்றும் திரும்பும்.
எது முதலில் திரும்பியது என்று பந்தயம் கட்டி
தோற்றோம், இருவருமே.
திடீரென்று ஒன்று மேலே பாய்ந்து
ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு
எதுவும் நடக்காததுபோல் கூட்டத்தில் சேரும்,
கண்ணை ஒருமுறை உருட்டும்.
"என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்பாள்.

சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடுமாம்.
ஒரு ஞாயிறு முழுக்க மணல் அலசினோம்.
குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டது.
கீழ்வீட்டு ஷ்டெஃபெக்
கரண்டியால் குழாயைத் தட்டித் தட்டித் திட்டினார்.
அன்றைக்கு நாங்கள் சிரித்ததை
மணலோடு சேர்த்து
தொட்டியின் அடியில் பரப்பியிருந்தோம் என்று
பிற்பாடுதான் நினைத்துக்கொண்டேன்.

பாகப்பிரிவினை சுலபமாகத்தான் போனது.
சலவை இயந்திரம் அவளுக்கு.
சைக்கிள் எனக்கு.
கடன் பாதிக்குப் பாதி.
நியான் மீன் பதினாறு: எட்டு, எட்டு.
நத்தைகளை யாரும் எண்ணவில்லை.
கெளுத்தியில் வந்து நின்றது.
ஆறும் ஐந்தும்.
"ஐந்து போதாது" என்றாள்.
"போதாது" என்றேன்.
ஒன்பது வருடத்தில்
இவ்வளவு சீக்கிரம் எதிலும் ஒத்துப்போனதில்லை.
கடையில் இன்னொன்று கிடைக்கும்,
ஒரு வேளைச் சாப்பாட்டை விடவும் மலிவு.
அதை அவள் சொல்லவில்லை.
நானும்.

கிளம்புவதற்கு முந்தின நாள்
கடைசியாகத் தண்ணீர் மாற்றியவள் அவள்தான்.
வெந்நீர் கலக்க மறந்தாளோ, வேண்டாமென்று விட்டாளோ,
குழாயின் குளிர்ந்த நீரை
வாளி வாளியாக ஊற்றினாள்,
முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு.
பிறகு ஓலோமோத்ஸ் ரயில்.

வியாழன்தோறும் கூப்பிடுவாள்.
"எத்தனை?"
"பதினொன்று."
"சரி."
வைத்துவிடுவாள்.

ஆறு வாரம் ஆயிற்று. இன்று காலை
பாசிக்குள் ஏதோ அசைந்தது.
எள்ளைவிடச் சற்றுப் பெரிது.
உடம்பில் இன்னும் குறுக்குக் கோடுகள்,
பெரியவற்றின் நீளக் கோடு வரவில்லை.
எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

மழை என்று நம்பியிருக்கின்றன, அந்த வாளிகளை.
எங்கோ ஓர் ஆறு பெருகிவிட்டது என்று
ஓஸ்ட்ராவாவில், ஏழாம் மாடியில்,
ஹீட்டருக்கும் ஃபில்டருக்கும் நடுவே
கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கின்றன.
நான் பார்க்கவில்லை. படுத்தே கிடந்தேன் அப்போது.
நியான்கள் பார்த்திருக்கின்றன, தின்றிருக்கின்றன.
தின்றதுபோக இது.

மறுபடி எண்ணினேன்.
விளக்கைப் போட்டு எண்ணினேன்.
பன்னிரண்டு.
ஆறும் ஆறும்.
மிச்சமில்லை, தகராறில்லை,
இரண்டு பாலித்தீன் பை போதும்.

இன்று வியாழன்.
"எத்தனை?"

குட்டி பாசியைவிட்டு வெளியே வந்து
தயங்கி
சட்டென்று மேலே போய்
காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"பதினொன்று."

அவள் சரி என்று சொல்லவில்லை.
ரயிலோ பஸ்ஸோ, பின்னால் ஏதோ இரைச்சல்.
"நல்லா எண்ணினியா, லுபோர்?"

"ஒரு இடத்தில நிக்கமாட்டேங்குதே," என்றேன்.
"நாளைக்கு இன்னொரு தரம் எண்ணிப் பார்க்கிறேன்."