நடுப்புள்ளி

ரியெக்கா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் நாற்காலி.
காலடியில் கண்ணாடித் தரை.
பன்னிரண்டு வருடமாக
இரண்டு பூட்ஸுக்கும் நடுவே
கப்பல்களைப் பார்த்துக் குனிந்தே இருக்கிறேன்.
யாருக்கும் தலைகுனியாதவள் என்றுதான்
யார்டில் எனக்குப் பெயர்.

மார்ச்சில், போரா காற்று விடாமல் அடித்த ஒரு வாரம்
கழுத்து பூட்டிக்கொண்டது.
அப்புறம் யாராவது 'ஸ்மில்யானா' என்று கூப்பிட்டால்
பீரோவை நகர்த்துவதுபோல
மொத்த உடம்பையும் திருப்பினேன்.
பேருந்தில் ஒரு குழந்தை சிரித்தது.

வியேகோவுக்கு முப்பதுகூட இருக்காது.
என் நெற்றியில் ஒரு பட்டை கட்டினான்,
பட்டையில் ஒரு லேசர்.
வட்டத்துக்குள் வட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டி
தொண்ணூறு சென்டிமீட்டர், டேப் வைத்து அளந்தான்.
நடுவைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள்.
இடப்பக்கம் திரும்புங்கள்.
கிளம்பின இடத்துக்கு வந்ததும் சொல்லுங்கள்.

வந்துவிட்டேன் என்றேன்.
சத்தியம் கேட்டிருந்தால் செய்திருப்பேன்.
கண்ணைத் திறந்தால்
சிவப்புப் புள்ளி தாளைத் தாண்டி
விளக்கு சுவிட்சின் மேல் உட்கார்ந்திருந்தது.
பதினோரு சென்டிமீட்டர்.

நாற்பது டன் பெட்டியை
நான்கு முளைகளில்
விரற்கடை பிசகாமல் இறக்குகிறவள் நான்.
ஐந்து கிலோ மண்டையை
எடுத்த இடத்தில் வைக்கத் தெரியவில்லை.
கோபம் வந்தது.
வியேகோ மேல்தான் வந்தது;
வேறு யார் இருந்தார்கள் அந்த அறையில்?

வலி வந்த பிறகு
கழுத்து அனுப்பும் சேதி
பழைய வாக்கி டாக்கி மாதிரி
கொரகொரவென்றுதான் கேட்கும் என்றான்.
அது புரிந்தது.
கீழே கைகாட்டுகிறவன் தெரியாத மூடுபனியில்
நானும் பெட்டி இறக்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம், படுக்கவைத்த எட்டு மாதிரி ஒரு கோடு.
அதன் மேலேயே புள்ளியை ஓட்ட வேண்டும், மெதுவாக.
என்னுடையது
சம்பள நாள் இரவில் வீடு திரும்புகிறவன் போல் போனது.
பல்லைக் கடித்தேன். இன்னும் மோசம்.
தோளை இறுக்கினேன். கோட்டையே காணோம்.

அப்போதுதான் உறைத்தது.
காற்றில் ஆடும் பெட்டியை
யாரும் பிடித்து நிறுத்துவதில்லை.
வெடுக்கென்று நிறுத்தினால் இன்னும் வீசி ஆடும்.
அது போகிற பக்கமே டிராலியையும் விட்டு
அதன் தலைக்கு நேராகப் போய் நிற்க வேண்டும்.
ஆட்டம் தானே அடங்கும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றது.
கழுத்துக்கு மட்டும்
நான் சொல்லவே இல்லை.

லேசரை வீட்டுக்கு இரவல் கொடுத்தான்.
ராத்திரி, சமையலறையில், தாழ்ந்த முக்காலி.
சுவரில்
மீன் வாங்கின ரசீதின் பின்பக்கம் வரைந்த வட்டம்.
என் பூனைக்கு கூக்கா என்று பெயர்,
எங்கள் பேச்சில் கொக்கி.
கண்ணை மூடித் திரும்பி வருவேன்.
அவள் பாய்வாள்.
சுண்ணாம்பு பிறாண்டும் சத்தம் கேட்டால் கொஞ்சம் இடது.
ஃப்ரிட்ஜின் தகரம் கீறினால்
பேசாமல் படுக்கப் போகலாம்.
காகிதம் கிழிகிற ஒரு சத்தத்துக்காக
ஆறு வாரம் உட்கார்ந்தேன்.
ரசீதுகள் தீர்ந்து
மின்சார பில்லுக்கு வந்துவிட்டோம்.

வலி போயிற்றா என்று கேட்கிறார்கள்.
போகவில்லை.
தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்தால்
வலது பிடரியில் வந்து குந்திக்கொள்கிறது,
வாடகை தராதவன் மாதிரி.

ஆனால் நேற்று
ஷிஃப்ட் முடிந்து ஏணி இறங்கி நடக்கையில்
பின்னாலிருந்து ஒரு குரல்.
என்னை இல்லை,
வேறு ஏதோ ஸ்மில்யானாவை.
தலை மட்டும் திரும்பியது.
தோள் கடலைப் பார்த்தபடியே நின்றது.

பிறகு தலை
யாரும் சொல்லாமல் நடுவுக்கு வந்தது,
நடு என்று நான் நினைத்த இடத்துக்கு.
சரிதானா என்று சொல்ல
பூனை இல்லை அங்கே.