உரக்க யோசிப்பது

பயிற்சித் தாளில் முதல் விதி, தடித்த எழுத்தில்:
யோசிப்பதை உரக்க யோசிக்கவும்.
மௌனத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இல்க்கா இருமுறை வாசித்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
பத்தொன்பது வருடத்தில் என் கணவன் பேசியதெல்லாம்
ஒரு ஹெர்ரிங் மீன் ஜாடிக்குள் அடங்கும்,
மூடியும் போடலாம்.
ஔலுவில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

ஜனவரியில் கம்பெனி
அவனோடு சேர்த்து அறுபது பேரை அனுப்பியது.
பிப்ரவரியில் நான் தேர்வாளர்.
கையில் முட்டைக்கு வைக்கும் டைமர்,
நூலகத்தில் அச்செடுத்த கேள்விகள்.
விடை எனக்குப் புரியாது.
பகலெல்லாம் பல் கிளினிக்கில்
பிறரை வாய் திறக்கச் சொல்வது என் தொழில்.
இரவிலும் அதுவே ஆயிற்று.

"ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றா, கண்டுபிடி."
சோப்பு வியாபாரிக்கு எங்கள் மொழியில் உள்ள சொல்
அப்படிப்பட்டது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
அவன் மேசைவிரிப்பில் இரண்டு விரல் வைத்தான்.
"இது முதலெழுத்து. இது கடைசி.
ஒத்துப்போனால் ஆளுக்கு ஓரடி உள்ளே.
நடுவில்... நடுவில் சந்தித்தால்..."
டைமர் அடித்தது.
விரல்களுக்கிடையே ஒரு ரொட்டித் துணுக்கு.

மார்ச்சில் அது சமையலறையை விட்டு வெளியேறியது.
காரில் பனி சுரண்டும்போது:
"முதலில் கண்ணாடி. இல்லை, கதவு இறுகிக் கிடக்கிறது,
முதலில் கதவு."
காலுறை தேடும்போது:
"அறை அறையாகப் போனால் நேரமாகும்.
கடைசியாகக் கழற்றிய இடத்தில் தொடங்கலாம்."
தன்னிடம்தான் பேசுகிறான் என்று
நாய் எழுந்து வந்தது.

ஒரு இரவு, மணி இரண்டு,
இருட்டைப் பார்த்துச் சொன்னான்:
"மிக மோசமான நிலையைக் கணக்கிடுவோம்.
வேலை கிடைக்கவில்லை.
வீட்டுக் கடன் ஜூன்வரை தாங்கும்.
அப்புறம் படகு.
படகை விற்றால் செப்டம்பர்."
நான் தூங்குகிறேன் என்று நினைத்திருந்தான்.
நானும் அப்படியே இருந்தேன்.

நேர்காணலன்று
துணி தேய்க்கும் பலகைமேல் லேப்டாப்.
கதவுக்கு இப்பால் நான்.
குரல் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது.
என் மூச்சை எண்ணினேன். பதினொன்று.
பேசு, என்றேன் கதவுப் பலகையிடம்,
உதட்டை மட்டும் அசைத்து.
"எனக்குத் தெரியவில்லை," என்றது உள்ளே.
"ஆனால் இங்கிருந்து தொடங்குவேன்."

முடிவு சொல்ல இரண்டு வாரமாம்.
இரவு பாத்திரம் கழுவினான், பழையபடி வாய் மூடி.
துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்றேன்.
"படகு," என்றேன்.
"படகை விற்க வேண்டாம் என்று...
இரு, நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

குழாயை மூடினான்.